கார் கட்டியவர்களின் சொல்

1957இல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் ‘செவன்’ என்ற சிறு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். அப்போது முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் வரி இல்லை. ஆனால், பூட்டும் முறையை விளக்கும் கையேட்டைக் கூடவே தரக் கூடாது. சாப்மன் அதற்கும் வழி கண்டார். காரைக் கழற்றுவது எப்படி என்று எழுதிக் கொடுத்தார். வாங்கியவர்கள் அதைத் தலைகீழாகப் பின்பற்றிப் பூட்டினார்கள்.

1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு ‘செவன்’ தயாரிக்கும் உரிமை கேட்டரம் நிறுவனத்துக்கு மாறியது. இன்று பாகங்களின் தொகுப்போடு (‘கிட்’) கையேடும் வருகிறது. இருந்தும் வீட்டிலேயே கார் கட்டும் இந்தப் பொழுதுபோக்கின் முக்கியமான பாடங்கள் ஏற்கெனவே கார் கட்டியவர்களிடம்தான் இருக்கின்றன.

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்றே இருக்கிறது. புதியவர் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றத் துணிவார். அனுபவசாலி வந்ததும் கேலிப்பரைத்தான் பார்ப்பார். இடது வலது மாறிப் பூட்டியிருந்தால் ஏர் எடுக்கும் திருகு கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கிவிடும். சஸ்பென்ஷனிலும் இப்படி ஒன்று உண்டு. கார் ஸ்டாண்டில் தொங்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்டுகளை முழுதாக முறுக்கிவிட்டால், சக்கரம் தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. ஃபைபர் கிளாஸ் பாடியில் விளக்கு மங்கினால் முதலில் எர்த்தைப் பார்ப்பார்கள்; தகர பாடிபோல அது மின்சாரத்தைக் கடத்தாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும்.

இவற்றில் பல, யாரோ ஒருவர் வார இறுதிகளையும் கைக்காசையும் இழந்து கற்றவை. அதனால்தான் அவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை வேண்டும். “வண்டி ஓடவில்லை, என்ன செய்ய?” என்று மொட்டையாகக் கேட்பது அவர்களுடைய நேரத்தை மதிப்பதாகாது. எதை அளந்தோம், எதை மாற்றினோம், எந்த வண்டியின் இன்ஜின் என்பதையெல்லாம் சொல்லிக் கேட்க வேண்டும். பதில் கிடைத்துப் பழுது சரியானதும் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். சொன்ன யோசனை பலித்ததா என்று தெரியாமல் சொன்னவரின் அனுபவம் எப்படி வளரும்?

மதிப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவதும் அல்ல. “ஏன்?” என்று கேட்பவரைத்தான் நல்ல அனுபவசாலிக்குப் பிடிக்கும். காலமும் மாறுகிறது. பிரிட்டனில் 2009இல் ஐ.வி.ஏ. என்ற வாகன ஒப்புதல் சோதனை வந்தது. பாடியின் வெளி விளிம்புகள் எவ்வளவு மழுங்கியிருக்க வேண்டும், திருப்பிவிட்ட ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதா என்பதுவரை அதில் பார்க்கிறார்கள். 1980களில் கட்டியவரின் சொல் வெல்டிங்குக்குப் பொருந்தும். விதிகளுக்கு அண்மையில் சோதனைக்குப் போய் வந்தவரையும் கேட்க வேண்டும்.

இரு தலைமுறையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ‘லோகாஸ்ட்’ கார்களே சான்று. 1996இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே சொல்லும் நூலை எழுதினார். சதுர இரும்புக் குழாயில் சேஸிஸ், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் பாகங்கள்: அதுதான் ‘லோகாஸ்ட்’. நூலைப் பார்த்துக் குழாய் அறுத்தவர்கள் சில அளவுகள் பொருந்தாததைக் கண்டார்கள். அவர்கள் நூலாசிரியரைத் தூற்றிக்கொண்டிருக்கவில்லை. சரியான அளவுகளைக் கணக்கிட்டு, அடுத்து கட்டுகிறவர்களுக்குத் திருத்தப் பட்டியலாகக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் அறுக்கும் புதியவர், அதைத் தயாரித்தவர்களுக்கு ஒரு நன்றியாவது எழுதிப் போடலாம்.