சங்கப் பாடல்களில் மனைவடி மது: நல்லடையும் தோப்பியும்

வீட்டில் முதன்முதலாக மது வடிக்கத் தொடங்கும் ஒருவர் அறிந்துகொள்ள வேண்டுவன மூன்று: இனிப்புள்ள மூலப்பொருள், அவ்வினிப்பை மதுவாக மாற்றும் ஈஸ்ட், காற்றோட்டம் குறைந்த கலம். பழங்களில் இவற்றுள் முதலிரண்டும் இயல்பாகவே அமைந்துள்ளன. சாற்றில் சர்க்கரையும் தோலில் ஈஸ்ட்டும் இருத்தலால், பிசைந்து மூடிவைத்த பழம் தானே நொதிக்கும். நெல், தினை முதலிய தானியங்களின் நிலை வேறு. அவற்றில் இருப்பது மாவுச்சத்து. மது வடிக்கப் பயன்படும் ஈஸ்ட் மாவுச்சத்தை நேரடியாக உண்ணாது. அதனை முதலில் சர்க்கரையாக்கும் வேறொரு பொருளைச் சேர்த்தாக வேண்டும்.

பழமதுவையும் தானியமதுவையும் பிரிக்கும் இவ்வேறுபாட்டைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். பெரும்பாணாற்றுப்படையின் ஒரு பகுதியும் (275-282) அகநானூற்றின் 348ஆம் பாடலும் இதற்குச் சான்றாகின்றன. இவ்விரண்டையும் செய்முறைக் குறிப்புகளாகக் கொண்டு படிக்குமிடத்து, நல்லடை, தோப்பி என்னும் இரு சொற்களுக்கு வழங்கிவரும் பொருள் மறுஆய்வுக்குரியதாகிறது.

வலைஞர் குடியின் அரிசிமது

வலைஞர் குடியிருப்பில் பாணர் பெறும் விருந்தைக் கூறுமிடத்தில் பெரும்பாணாற்றுப்படை மது வடிக்கும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல், அதனைப் பிழா என்னும் அகன்ற வாயுடைய தட்டில் இட்டு ஆற்றுதல், நல்லடையைக் கலத்தல், இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுதல், சாடியில் முதிரவைத்தல், வெந்நீர் சேர்த்து அரித்தல், விரலால் அலைத்துப் பிழிதல் என அப்படிகள் அமைகின்றன.

இவ்வரிசைமுறை அலங்காரத்திற்காக அமைந்ததன்று. களி கொதிநிலையில் இருக்கும்போது நல்லடையைச் சேர்த்தால் அதிலுள்ள நொதிகளும் உயிரிகளும் வெப்பத்தால் அழிந்துவிடும். இன்றும் தொடக்கநிலையாளர் பலர் தவறுவது இவ்விடத்திலேயே. ஆற்றுவதற்கு அகன்ற வாயுள்ள பிழாவும், முதிர்விப்பதற்கு வலிய வாயுள்ள சாடியும் எனக் கலங்கள் மாறுவதும் கருதத்தக்கது. முன்னது வெப்பம் விரைந்து வெளியேறவும், பின்னது காற்று மிகுதியாகப் புகாதிருக்கவும் உதவும். காற்று மிகுந்தால் மது புளிக்காடியாகிவிடும். கலந்த பின்னர் வரும் 'தேம்பட' என்னும் சொல் இனிமை தோன்றுதலைச் சுட்டும். இனிப்பில்லாத களியில் இனிமை பிறப்பது மாவுச்சத்து சர்க்கரையாவதன் நேரடி அடையாளம். 'வழைச்சு' என்பது முதிராத இளநிலை. அது அறும்வரை காத்திருத்தல் அடுத்த கட்டம். வெந்நீர் சேர்த்து அரிக்கும் முறை இமயமலைப் பகுதியில் கேழ்வரகில் வடிக்கும் தோங்பாவில் இன்றும் காணக் கிடைக்கிறது.

நல்லடை எது என்பதே இப்பகுதியின் முதன்மையான வினா. நச்சினார்க்கினியர் அதனை முளையின் அடை எனக் கொண்டார். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி மிகுந்திருத்தலால் இவ்வுரை அறிவியலோடு பொருந்துவதே. ஆயினும் புலவர் கூறும் உவமை இதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது. பூத்த புறத்தையுடைய அந்த அடை, பாம்பு உறையும் புற்றிலுள்ள குரும்பியை ஒத்திருந்ததாம். குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கறையான்கள் டெர்மிட்டோமைசிஸ் என்னும் பூஞ்சையை வளர்க்கும் தோட்டமே அது. அதன்மேல் வெண்ணிறச் சிறு உருண்டைகள் பூத்திருக்கும். பூஞ்சணம் படர்வதைத் தமிழர் இன்றும் 'பூத்தல்' என்றே கூறுவர். எனவே 'பூம்புறம்' என்பதை அழகிய புறம் எனப் பொதுவாகக் கொள்வதினும், பூஞ்சணம் பூத்த புறம் எனக் கொள்வது உவமையோடு நெருங்கி நிற்கிறது. நேபாளம், சிக்கிம் பகுதிகளின் மர்ச்சா, இந்தோனேசியாவின் ராகி ஆகியன இத்தகைய பூஞ்சை படர்ந்த அடைகளே. அவற்றிலுள்ள பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, உடன் வளரும் ஈஸ்ட் அதனை மதுவாக்கும்.

இவ்விளக்கம் நச்சினார்க்கினியர் உரையை மறுப்பதன்று. ஈரமான முளை வேரோடு வேர் பின்னி அடையாக இறுகிக் கிடக்கும்போது அதன்மேல் பூஞ்சணம் படர்வது இயல்பு. முளை மட்டுமே எனின் ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்னும் வினா எஞ்சும். பூத்த அடை எனின் அவ்வினாவும் தீர்கிறது.

குறவர் முன்றிலின் பழமது

அகநானூறு 348இல் காட்சி மலைக்கு மாறுகிறது. முன்றிலில் நிற்கும் மாவின் கனி, பலாச்சுளை, தேனிறால் ஆகியவை கலந்து மூங்கிற் குழாயில் முதிர்கின்றன. இங்கு அடை இல்லை, சமைத்தலும் இல்லை, ஆற்றுதலும் இல்லை. புலவர் விட்டுவிட்டார் எனக் கருத இடமில்லை. பழத்திற்கு அவை தேவையில்லை.

தேன் சேர்வதற்கும் காரணம் உண்டு. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு விழுக்காடு ஆல்ககால் உண்டாகும். பழச்சாற்றின் சர்க்கரை மட்டும் தருவது மென்மையான மது. சர்க்கரையே பெரும்பகுதியான தேன் அதனை வலிதாக்கும். ஆனால் நீர் கலவாத தேன் அடர்த்தியால் நொதிப்பதில்லை. பழச்சாறு அதனை நெகிழ்த்துகிறது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவுசெய்யும் கலவை இது. பாப்பின் நஞ்சு ஏறுவதுபோன்ற கடுமை உடையதாக இம்மதுவைப் புலவர் கூறுவது வெற்று மிகையாகத் தோன்றவில்லை. அதனை மலைக்கடவுளுக்குப் படைத்து, மகளிர் ஊட்ட உண்ட குறவர் தினைப்புனத்தை மறக்கின்றனர். யானைகள் தினையைக் கவர்கின்றன. இளையரும் முதியரும் வில் ஆய்ந்து திரிகின்றனர்.

தோப்பியின் பொருள்

இப்பழமதுவைத்தான் அகநானூறு தோப்பி என்கிறது. பெரும்பாணாற்றுப்படை (142) எயினர் தம் இல்லில் சமைத்த தோப்பியைக் குறிப்பிட, நச்சினார்க்கினியர் அதற்கு நெல்லால் செய்த கள் எனப் பொருள் உரைத்தார். அகராதிகளும் அதனையே வழிமொழிந்தன. மாவும் பலாவும் தேனும் கலந்த மதுவிற்கு அப்பொருள் பொருந்தாது. இவ்விரு இடங்களுக்கும் பொதுவாக இருப்பது மூலப்பொருள் அன்று, வடிக்கும் இடமே. ஒன்று எயினர் இல், மற்றொன்று குறவர் முன்றில். யவனர் நன்கலத்தில் கொணர்ந்த தேறல் (புறநானூறு 56) கடல் கடந்து வந்தது. தோப்பி மனையில் விளைந்தது. எனவே தோப்பி என்பதற்கு மனையில் வடித்த மது எனப் பொருள் கொள்வது இரண்டிற்கும் ஒத்துவரும். பாலைநிலத்து நடுகல்லுக்குத் தோப்பிக் கள் படைக்கப்படுவதைக் கூறும் அகநானூறு 35ஆம் பாடலில் மூலப்பொருள் சுட்டப்படவில்லை. அங்கு நெல்லை வருவித்து உரைப்பதற்குப் பாடலில் ஆதாரம் ஏதுமில்லை.