உயரமோ, நீளமோ? – மின்சாரக் கார் தெரிவு பற்றிய ஓர் ஆய்வு

மாட்டு வண்டிக் காலந் தொட்டு, வண்டி வாங்குவோன் உள்ளத்தில் எழும் வினாக்கள் மூன்று. எவ்வளவு சுமக்கும்? எவ்வளவு தீனி தின்னும்? எவ்வளவு தூரம் களைப்பின்றி ஓடும்? மாடு போய்ப் பெற்றோல் வந்தபோதும் இவ்வினாக்கள் மாறவில்லை. பெற்றோல் போய் மின்சாரம் வருகின்ற இந்நாளிலும் மாறவில்லை. ஆயின், விடையைத் தீர்மானிக்கும் காரணங்களின் வரிசை மாறிவிட்டது. முன்னர்க் கடைசியில் நின்ற ஒரு காரணம் இன்று முன்னணிக்கு வந்துள்ளது. அதுவே வண்டியின் வடிவம்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் பிரித்தானியா, பிரான்சு, நோர்வே முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். அந்நாடுகளில் ஒரு குடும்பத்துக்கென மின்சாரக் கார் வாங்கப் புகுவோர் முன் இருவகை வடிவங்கள் வந்து நிற்கின்றன. ஒன்று, உயர்ந்த உடலுடைய எஸ்.யூ.வி. மற்றையது, தாழ்ந்து நீண்ட எஸ்டேட் கார். இரண்டும் ஐவரை ஏற்றும். இரண்டும் அவர்தம் பொதிகளையும் ஏற்றும். விலையும் பெரும்பாலும் அடுத்தடுத்தே நிற்கும். சிறுகச் சிறுகச் சேர்த்த பெருந்தொகையைக் கொடுத்து வாங்கும் பொருளாதலின், எதனைத் தெரிவது என்பதைக் காட்சியளவில் விடாது, காரணங் கண்டு துணிதல் வேண்டும். அக்காரணங்களைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பெயர்களை நோக்குவாம். எஸ்டேட் என்பது பெருநிலவுடைமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். நிலக்கிழாரின் மாளிகைக்கும் புகையிரத நிலையத்துக்குமிடையே விருந்தினரையும் அவர்தம் பெட்டிகளையும் ஏற்றிச் சென்ற வண்டியே அப்பெயர் பெற்றது. அமெரிக்கர் அதனையே ஸ்ரேசன் வாகன் என்றனர். நம் நாட்டு மூத்தோருக்கும் அப்பெயர் பழக்கமானது. கூரையைப் பின்முனைவரை நீட்டி, பின்கதவு ஒன்றை மேல்நோக்கித் திறக்குமாறு அமைத்தலே அதன் இலக்கணம். எஸ்.யூ.வியின் முன்னோரோ கரடுமுரடான நிலத்துக்கென ஆக்கப்பட்டவர். 1948 இல் வெளிவந்த லாண்ட் றோவர் அக்குலத்தின் மூத்தவருள் ஒருவர். எனினும் இன்று நகரங்களில் ஓடும் எஸ்.யூ.விகளுட் பெரும்பாலன சாதாரணக் காரின் அடித்தளத்தின்மேல் உயர்ந்த கூடு பொருத்தப்பட்டவையே. எனவே, நாம் ஒப்பிடுவது காட்டு வண்டியையும் வீட்டு வண்டியையும் அன்று. ஒரே தாய் பெற்ற நெட்டையனையும் நீளனையுமே.

இனி, தீனியைப் பற்றிய வினா. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 கிலோவாற்று மணித்தியாலச் சக்தி அடங்கியுள்ளது. மின்பட்டியலில் நாம் ‘ஓர் அலகு’ என வழங்குவது ஒரு கிலோவாற்று மணித்தியாலமே. அவ்வாறாயின் 50 லீற்றர்த் தாங்கி ஒன்றில் 450 அலகு உண்டு. அதில் மிகுபகுதி வெப்பமாய் வீணாகின்றது. வீணாகியும் எஞ்சுவது போதும். மின்சாரக் காரின் பற்றரியிலோ, பெரியதெனப்படுவதிலேயே 80 அல்லது 100 அலகுதான் கொள்ளும். மின்மோட்டார் அதனை வீணாக்காது பயன்படுத்துவதாற்றான் அக்கார் நெடுந்தூரம் ஓடுகின்றது. சேமிப்பு சிறிதாயிருக்கும்போது செலவிற் கண் வைத்தல் இன்றியமையாதது. பெற்றோற் காரில் வடிவத்தின் குறை சில சதங்களாகப் பணப்பையிற் காணப்பட்டது. மின்சாரக் காரில் அது வழியிடையே நின்று மீண்டும் மின்னேற்றும் காத்திருப்பாகக் காணப்படுகின்றது.

அச்செலவு எங்கே போகின்றது? மெதுவாக ஓடும்போது சக்கரத்தின் உராய்வே பெரும் எதிரி. வேகம் கூடக் கூடக் காற்றே பெரும் எதிரியாகின்றது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். அத்தடை மேலும் இரண்டைப் பொறுத்தது. ஒன்று, வண்டியை முன்னின்று நோக்குங்காற் காணப்படும் முகப்பரப்பு. மற்றையது, காற்று வழுக்கிச் செல்லும் தன்மையைக் குறிக்கும் இழுவைக் குணகம். எஸ்.யூ.வி உயர்ந்திருத்தலின் முகப்பரப்பு மிகும். குட்டையாய் முடிதலின் குணகமும் பெரும்பாலும் மிகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டாற் கணிப்போம். எஸ்.யூ.வி ஒன்றின் முகப்பரப்பை 2.6 சதுர மீற்றர், குணகத்தை 0.28 எனக் கொள்க. எஸ்டேட் ஒன்றுக்கு முறையே 2.35 சதுர மீற்றர், 0.24 எனக் கொள்க. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் 100 கிலோமீற்றர் செல்லக் காற்றை வெல்லுதற்கு மாத்திரம் முன்னையது ஏறத்தாழ 11.3 அலகும், பின்னையது 8.8 அலகும் செலவிடும். வேறுபாடு இரண்டரை அலகு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலோ அவ்வேறுபாடு அரை அலகாகச் சுருங்கிவிடும். எனவே, நகரத்துள்ளேயே ஓடுபவர்க்கு வடிவம் சிறு பொருள்; அதிவேக நெடுஞ்சாலையில் நாளும் ஓடுபவர்க்குப் பெரும் பொருள். இவ்வொரு கருத்தை மனத்தில் இருத்தினாலே பாதி ஐயம் தீரும்.

மின்னேற்றும் நேரமும் இதனையே தொடர்ந்து வரும். ஒரு நிலையத்தில் அரை மணித்தியாலம் நின்று 50 அலகு பெற்றதாகக் கொள்வோம். 100 கிலோமீற்றருக்கு 18 அலகு உண்ணும் கார் அதனைக் கொண்டு 277 கிலோமீற்றர் ஓடும். 22 அலகு உண்ணும் கார் 227 கிலோமீற்றரே ஓடும். உறங்கும் பிள்ளைகளுடன் நள்ளிரவிற் பயணஞ் செய்யும் பெற்றோர்க்கு அவ்வைம்பது கிலோமீற்றர், வீடு சேர்தலுக்கும் இன்னுமொருமுறை நிற்றலுக்கும் இடையேயுள்ள வேறுபாடாகலாம்.

நூலறிவை மெய்வாழ்வோடு பொருத்த, 2024 இல் அவுடி நிறுவனம் அறிமுகஞ் செய்த இரு கார்கள் நன்கு உதவுகின்றன. ஒன்று கியூ 6 ஈ-ட்ரோன் என்னும் எஸ்.யூ.வி, மற்றையது ஏ 6 அவான்ற் ஈ-ட்ரோன் என்னும் எஸ்டேட். இரண்டும் ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. இரண்டிலும் ஏறத்தாழ 95 அலகு பயன்கொள்ளத்தக்க ஒரே பற்றரியைப் பெறலாம். குணகம் முன்னையதற்கு 0.28, பின்னையதற்கு 0.24. பின்சக்கர வலுவுடைய வகைகளுக்கு ஐரோப்பியச் சோதனை முறைப்படி அறிவிக்கப்பட்ட உச்சத் தூரம், எஸ்.யூ.விக்கு 641 கிலோமீற்றர். எஸ்டேட்டுக்கு 720 கிலோமீற்றர். பற்றரி ஒன்றே, வடிவமே பெரும்பாலும் வேறு. சோதனைச் சாலையிற் கிடைத்த எண்கள் குளிர்காலத்தும் விரைவோட்டத்தும் இருவருக்கும் குறையும். ஆயினும் எஸ்டேட்டின் முந்துதல் நெடுஞ்சாலையில் மறைந்துவிடாது.

இனிச் சுமை பற்றிய வினா. எஸ்டேட் என்றாலே இடம் மிக்கது என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் எப்போதும் மெய்யாகாது. மேற்கூறிய எஸ்.யூ.வியின் பொதியறை – பேச்சுவழக்கில் டிக்கி – 526 லீற்றர்; எஸ்டேட்டினது 502 லீற்றர். பின்னிருக்கைகளை மடித்தாலும் 1529 க்கு 1422 என எஸ்.யூ.வியே முந்துகின்றது. வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் கார்களிலோ நிலை மாறுகின்றது. ஐ.டி. 4 என்னும் எஸ்.யூ.வி 543 லீற்றர் கொள்ள, ஐ.டி. 7 ருவரர் என்னும் எஸ்டேட் 605 லீற்றர் கொள்கின்றது. ஆயின் அவ்வெஸ்டேட் ஏறத்தாழ 38 சதம மீற்றர் நீளங்கூடியது. ஆகவே, பெயரை நம்பாது அளவை நம்புக. லீற்றர்க் கணக்கும் முழுமையன்று. உயரமான பொருளுக்கு எஸ்.யூ.வியும், நீண்ட பொருளுக்கு எஸ்டேட்டும் இசையும். எஸ்டேட்டின் பொதியறை வாயில் தாழ்ந்திருத்தலின் பாரமான பெட்டியைக் குறைவாகத் தூக்கினாற் போதும். கூரைமேற் பொதி கட்டுவோர்க்கும் தாழ்ந்த கூரை எளிது.

இடம் இருப்பதால் எதையும் ஏற்றலாமென்று கொள்ளுதல் தவறு. பற்றரி பாரமானது, அது வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த நிறையிற் பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும். 70 கிலோ நிறையுடைய ஐவரும், 20 கிலோப் பெட்டி ஐந்தும் ஏறினால் 450 கிலோ ஆகிவிடும். இவ்வளவினைத் தாங்குமோவென்பதை வாங்குமுன் ஏட்டிற் பார்த்தறிதல் வேண்டும். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வண்டியின் அச்சைக் காட்டி அறிவுறுத்தியது மின்சார வண்டிக்கும் பொருந்துவதேயாம்.

இதுவரை கூறியவற்றால் எஸ்டேட்டே சிறந்ததெனத் தோன்றலாம். எஸ்.யூ.வியின் பக்கத்தும் நியாயங்கள் உள. பற்றரி தரையின்கீழ்த் தட்டாக வைக்கப்படுதலின் தரை உயர்கின்றது. உயர்ந்த காரில் இருக்கையும் உடனுயர்வதால் அமர்வோர் கால் இயல்பாகத் தொங்கும். தாழ்ந்த காரில் தரைமட்டும் உயர்ந்து முழங்கால் மேலெழும்பும். போர்ஷ் நிறுவனம் தன் ரைக்கான் காரிற் பின்னிருப்போர் பாதங்களுக்கெனப் பற்றரியில் ஒரு பள்ளம் விடநேர்ந்தது இவ்விடர் பற்றியே. எனவே எஸ்டேட் வாங்குவோர் முன்னிருக்கையில் மட்டும் அமர்ந்து பார்த்தல் போதாது. பின்னிருக்கையிலும் கால் மணித்தியாலமேனும் அமர்ந்து பார்த்தல் வேண்டும்.

இதனினும் முக்கியமானது முதியோர் நலம். முழங்கால் நோவுடைய தாய் தந்தையர்க்குக் குழியில் இறங்குவதுபோல் இறங்கவேண்டிய காரும் துன்பம். படியேறுவதுபோல் ஏறவேண்டிய காரும் துன்பம். இருக்கை இடுப்புயரத்தில் இருப்பின் அவர் திரும்பி அமரலாம். அளவான உயரமுள்ள எஸ்.யூ.வி இவ்வசதியைப் பெரும்பாலும் தருகின்றது. வாரந்தோறும் தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் மகனுக்கு, 80 கிலோமீற்றர் கூடுதலாக ஓடுவதிலும் அத்தாய் நோவின்றி இறங்குவதே பெரிது. இங்கே பௌதிகம் ஒதுங்கி நிற்க, அன்பே தீர்ப்புச் சொல்லும்.

நிறுத்துமிடத்தையும் மறத்தலாகாது. பிரித்தானியாவில் வழக்கமான தரிப்பிட அளவு 4.8 மீற்றர் நீளமும் 2.4 மீற்றர் அகலமுமாகும். மேற்கூறிய அவுடி எஸ்டேட் ஏறத்தாழ 4.93 மீற்றர், வொக்ஸ்வாகன் எஸ்டேட் 4.96 மீற்றர். இரண்டும் கோட்டைத் தாண்டி நிற்கும். அவுடி எஸ்.யூ.வியோ 4.77 மீற்றராதலின் உள்ளடங்கும். வீட்டு முற்றத்தை அளந்து பாராது நீண்ட கார் வாங்கியவர், படலையை மூட முடியாது வருந்துவர்.

சட்டங்களும் நிறையை நோக்கத் தொடங்கிவிட்டன. பாரிசு மாநகரம் 2024 பெப்ருவரியில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, அவ்வாண்டு ஒற்றோபர் முதற்றேதி தொடக்கம் பாரமான கார்களில் வரும் வெளியூரார்க்குத் தரிப்பிடக் கட்டணத்தை மும்மடங்காக்கியது. மின்சாரக் காருக்கு எல்லை 2 தொன். நோர்வே 2023 முதல் மின்சாரக் கார் வாங்கும்போது நிறைக்கேற்ற வரியும் விதித்தது. எஸ்டேட் என்பதனால் மட்டும் இவற்றிலிருந்து தப்ப முடியாது. பெரிய பற்றரியுடைய எஸ்டேட்டுகளும் 2 தொன்னைக் கடப்பன. ஆயினும், ஒரே தூரம் ஓடச் சிறிய பற்றரி போதுமாயின் நிறையும் விலையும் ஒருங்கே குறையும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தாய்நாட்டில் வாழ்வோர்க்கும் ஒரு சொல். 2020 இல் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ருவரியில் மீளத் தொடங்கியது. நம் நாட்டுச் சாதாரண வீதிகளில் மணிக்கு 70 கிலோமீற்றர் அளவிலேயே கார்கள் ஓடுவன. அவ்வேகத்தில் மேற்கூறிய கணக்கின்படி வேறுபாடு 100 கிலோமீற்றருக்கு ஓர் அலகு மாத்திரமே. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புவரையுள்ள ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கும் நான்கு அலகே. மாரி வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளில் அடிப்பாகம் தரையில் உரசாதிருத்தல் அந்நான்கு அலகினும் மதிப்புடையது. ஆதலின் ஐரோப்பாவிலிருந்து உறவினர் கூறும் அறிவுரையை இங்கு அவ்வாறே ஏற்றலும், இங்குள்ளார் விருப்பத்தை அங்கு அவ்வாறே கொண்டு செல்லலும் பொருந்தா.

முடிவாக, கார் வாங்குவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு. ஓராண்டில் எத்தனை நாள் அதிவேக நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் செல்கின்றேன்? என் காரில் அடிக்கடி ஏறுவோர் யார், அவர் முழங்கால் எந்நிலையில் உள்ளது? என் வீட்டு வாயில் எவ்வளவு நீளத்துக்கு இடந் தரும்? நான் ஏற்றும் பொதி உயரமானதா, நீண்டதா? முதல் வினாவுக்கு ‘வாரந்தோறும்’ என விடை வருமாயின் எஸ்டேட்டைத் தெரிக. இரண்டாவதில் முதியோர் முன்வரின் எஸ்.யூ.வியைத் தெரிக. இரண்டும் ஒருங்கே வரின், இருவகையுள் உயரங் குறைந்த எஸ்.யூ.வி ஒன்றையும், இருக்கை சற்றுயர்ந்த எஸ்டேட் ஒன்றையும் தேடி, முதியோரையும் உடனழைத்துச் சென்று ஏற்றி இறக்கிப் பார்த்துத் துணிக.

அயலவர் வாசலில் உயர்ந்த கார் நிற்பதைக் கண்டு நாமும் உயர்ந்தது வாங்குதல் தெரிவன்று, அது தொடர்வு. தன் வழியையும், தன்னோடு வருவோரையும், தன் பொருளையும் அளந்து வாங்குபவனே தெரிந்து வாங்கியவனாவான்.