முடக்கு வாதத்தில் இரத்தசோகை

முடக்கு வாதம் என்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் ஏற்படும் நாட்பட்ட அழற்சி நோய் ஆகும். மூட்டுகளுக்கு வெளியே இந்நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படும் பாதிப்புகளில் ஒன்று இரத்தசோகை. சோர்வும் மூச்சு வாங்குதலும் மூட்டு நோயின் விளைவே என்று கருதப்படுவதால், இது பல வேளைகளில் கவனிக்கப்படாமல் போகிறது.

காரணங்கள்

அழற்சியின்போது சுரக்கும் இன்டர்லியூக்கின்-6, கல்லீரலில் ஹெப்சிடின் என்னும் இயக்குநீரின் உற்பத்தியைக் கூட்டுகிறது. ஹெப்சிடின், குடல் இரும்புச்சத்தை உறிஞ்சுவதைக் குறைப்பதுடன், உடலில் உள்ள இரும்பைச் சேமிப்புச் செல்களுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. ஆகவே, கையிருப்பு இருந்தும் எலும்பு மஜ்ஜைக்குப் போதிய இரும்பு கிடைப்பதில்லை. இது நாட்பட்ட நோய் இரத்தசோகை எனப்படும்.

டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். இதனால் உண்மையான இரும்புக் குறைபாடு ஏற்படுகிறது. மெத்தோட்ரெக்சேட் மருந்து ஃபோலிக் அமிலத்தின் செயல்பாட்டைத் தடுப்பதாலும் இரத்தசோகை வரலாம்.

நோயறிதல்

ஹீமோகுளோபின் அளவு ஆண்களில் டெசிலிட்டருக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களில் 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை என உலக சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அழற்சியின்போது தானாகவே உயரும். எனவே, முடக்கு வாத நோயாளியின் ஃபெரிட்டின் இயல்பான அளவில் இருப்பதைக் கொண்டு மட்டும் இரும்புக் குறைபாடு இல்லை என்று முடிவு செய்ய இயலாது. டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அழற்சியைக் காட்டும் சி-வினைப் புரதம், சிவப்பணுக்களின் பருமன் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிவப்பணுக்கள் பெரிதாக இருந்தால் ஃபோலிக் அமிலம் அல்லது வைட்டமின் பி12 குறைபாடு ஐயுறப்படும். இரும்புக் குறைபாடு உறுதியானால் இரத்தக் கசிவு உள்ளதா என்று தேட வேண்டும். கருமையான மலம் அதன் முக்கிய அறிகுறி.

சிகிச்சை

நாட்பட்ட நோய் இரத்தசோகைக்கு முதன்மைச் சிகிச்சை, மூட்டு அழற்சியைக் கட்டுப்படுத்துவதே. அழற்சி தணிந்தால் ஹீமோகுளோபினும் உயரும். இன்டர்லியூக்கின்-6 ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் இதற்குத் தெளிவான சான்று. இரும்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் இரும்பு மாத்திரைகளும், அவை பலனளிக்காதபோது சிரை வழி இரும்பும் தரப்படுகின்றன. மெத்தோட்ரெக்சேட் பெறுவோருக்கு ஃபோலிக் அமிலம் உடன் வழங்கப்படும்.

முடக்கு வாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். காரணம் அறியாமல் தாமாகவே இரும்பு மாத்திரை உண்பதும் தவறு; அது மலத்தைக் கருமையாக்கி, உள்ளே நிகழும் இரத்தக் கசிவின் அறிகுறியை மறைத்துவிடக்கூடும்.