வாவிக்குச் செவிகொடுத்தல்

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், மட்டக்களப்புக் கோட்டைத் துறையருகே நிலவொளியில் மீனவரோடு தோணியேறிச் சென்று, வாவியின் அடியிலிருந்து எழுந்த மெல்லிய நாதங்களைக் கேட்டார். ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவாய் ஒலித்த அச்சிற்றொலிகள், தோணியின் பலகையிற் காதை வைத்தபோது பன்மடங்கு உரத்துக் கேட்டன என அவர் எழுதியிருக்கிறார். அவற்றை எழுப்புவது ஊரி என்னும் சிறு சங்கினமென்று மீனவர் அவருக்குக் கூறினர். இன்றோ மீனே பாடுகிறது என்பது நாடறிந்த வழக்கு. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் அவ்விசையை நீரர மகளிரின் கானமாகக் கற்பித்துப் பாடினார். யேசு சபைத் துறவியான லாங் அடிகள் அதனைப் பதிவு செய்ய, இலங்கை வானொலி ஒலிபரப்பிற்று.

காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, நீரில் ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். ஆயினும் நீருக்குள் பிறந்த ஒலி மேற்பரப்பை அடைந்ததும், அதன் சக்தியில் ஆயிரத்திலொரு பங்களவே காற்றினுட் புகுகிறது. எஞ்சியது நீருக்கே திரும்பிவிடுகிறது. ஆதலால், கரையில் நிற்பவன் நிசப்தமென்று எண்ணும் அதே இடத்தில், சவளின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி மறுநுனியைச் செவியோடு சேர்த்துக்கொண்ட மீனவன், காற்றின் தடையைக் கடந்து நீருலகின் அந்தரங்கத்தையே கேட்டுவிடுகிறான். காற்றுப்பையைச் சூழ்ந்த தசைகளைத் துடிக்கச் செய்து முழங்கும் மீன்கள், முள்ளை அதன் குழியில் உரசிக் கரகரக்கும் கெளிறுகள், கொடுக்கைச் சொடுக்கி வெடியோசை எழுப்பும் இறால்கள் என அவ்வுலகு ஓயாத ஆரவாரமுடையது.

உயிர் செழித்த நீர் மிகுதியாக ஒலிக்கும்; நலிந்த நீர் அடங்கிப்போகும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், அழிந்த பாறைகளருகே செழிப்பான பாறைகளின் ஓசையை ஒலிபெருக்கிகளால் பரப்பியபோது, அவ்வாறு பரப்பாத இடங்களைவிட ஏறத்தாழ இருமடங்கு மீன்கள் வந்து சேர்ந்தனவென்று 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஒலிக்கலை என்று இன்று வழங்கும் முயற்சியின் பெருமை, இத்தகைய விஞ்ஞானத்தைப் பொதுஜனத்தின் அனுபவமாக மாற்றிவிடுவதில் இருக்கிறது. கனடாவின் மரே ஷேஃபர், ஓர் ஊரின் ஒலிகளையெல்லாம் அவ்வூரின் சம்பத்தாகக் கருதிப் பதிந்து வைக்கும் வழியைக் காட்டினார். ரொஜர் பெயின் 1970இல் வெளியிட்ட திமிங்கிலப் பாடல்களின் இசைத்தட்டு, கடலை ஒருபோதும் காணாதவர் உள்ளங்களிலும் அப்பிராணிகள்மேல் பரிவை எழுப்பியது. வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்த 1982இல் சர்வதேச ஆணையம் எடுத்த தீர்மானத்துக்கு அவ்விசைத்தட்டு ஒன்றே காரணமன்று, எனினும் அப்பரிவுக்கும் அதில் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன்.

இம்முயற்சிக்கு மண்டூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. வாவியின் மேற்கே படுவான்கரையில், எதிர்க்கரைக் குருமண்வெளியிலிருந்து, ஊரார் ‘பாதை’ என வழங்கும் மிதவையிற் கடந்து செல்லும் அவ்வூர், தில்லை மரங்களாற் பெயர்பெற்றது. உப்பங்கழியை அண்டி வளரும் அத்தில்லையும் பிற கண்டல்களும் மீன்குஞ்சுகளுக்குத் தாய்மனை. சின்னக் கதிர்காமம் எனப்படும் முருகன் ஆலயத்திலோ, கப்புகனார் வாயை வெண்துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்கிறார். மௌனத்தை வழிபாடாகக் கொண்ட சமுதாயத்துக்குச் செவிசாய்த்தலின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மீன்பாடும் தேனாடு என்று பெருமிதத்தோடு சொல்லும் நம்முள், அவ்வொலியை நேரிற் கேட்டவர் சிலரே. கேளாத ஒன்று குறைந்து வருவதை எவ்வாறு உணர்வோம்? சித்திரை முதல் புரட்டாதி வரையிலான பூரணை இரவுகளே வாவியின் ஒலி நன்கு கேட்கும் காலமென்பர். அவ்விரவுகளில், மண்டூர்ப் பாடசாலை மாணாக்கர் மூத்த மீனவரோடு தோணியிற் சென்று, சவளாலும் நீருக்குள் இறக்கும் ஒலிவாங்கியாலும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். கண்டல் நின்ற கரையையும் கண்டல் வெட்டப்பட்ட கரையையும் ஒரே இரவில், ஒரே ஆழத்தில் பதிவுசெய்தாலன்றி ஒப்பிட இயலாது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் இசை மாணவர் அப்பதிவுகளைக் கோத்து உருக்கொடுக்கலாம். ஆவணிப் பூரணைத் தீர்த்தத்துக்கு வரும் அடியார்கள் இரு துறைகளிலும் பாதைக்காகக் காத்திருக்கும் வேளையில், தாம் கடக்கப்போகும் நீரின் இருவேறு குரல்களையும் அடுத்தடுத்துக் கேட்கும்படி செய்ய, துறைக்கொரு சிறிய ஒலிபெருக்கியே போதும்.