சிதறல் மண்ணுக்குப் போகட்டும்

மெக்சிகோவில் பிறந்த உலோக உருவச் சுடுதல் போட்டியில் 200 மீட்டரில் கோழி, 300-ல் காட்டுப்பன்றி, 385-ல் வான்கோழி, 500-ல் செம்மறிக்கடா நிற்கும். எல்லாம் எஃகுத் தகட்டில் வெட்டிய உருவங்கள். கடாவின் மேல் தோட்டா பட்ட ஓசை சுட்டவர் காதுக்கு வர ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். அந்த ‘டிங்’குக்காகவே அமெரிக்கக் கிராமங்களில் பலர் சொந்த நிலத்தில் தாங்களே எஃகு இலக்கு செய்து மாட்டுகிறார்கள்.

வேலை பெரிதல்ல. கோளாறெல்லாம் தகட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதா இரும்பில் ரைஃபிள் தோட்டா பட்டால் கிண்ணம்போலக் குழி விழும். அடுத்த தோட்டா அதே குழிக்குள் போனால் அதன் துண்டுகள் வளைவில் வழுக்கிச் சுட்டவரை நோக்கியே திரும்பும். தகடு வழவழப்பாகவும் கடினமாகவும் இருந்தால் தோட்டாதான் நொறுங்கும். ஈயச் சிதறல் தகட்டின் முகத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பறந்துவிடும்.

அதனால்தான் ஏ.ஆர்.500 எஃகைத் தேடுகிறார்கள். சுரங்கத்தில் தாது கொட்டும் சரிவுகளும் டிப்பர் லாரித் தொட்டிகளும் தேயாமலிருக்க உருவான எஃகு அது. பிரினெல் அளவில் அதன் கடினம் சுமார் 500. சாதா இரும்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ரைஃபிளுக்கு 9.5 மில்லிமீட்டர் கனம் வழக்கம். ஆனால் அந்தக் கடினம் வெப்பப் பதனத்தால் வந்தது. கேஸ் கட்டரால் அறுத்தாலோ, முகத்தில் வெல்டிங் வைத்தாலோ சூடேறிய இடம் இளகிவிடும். குழி அங்கேதான் முதலில் விழும். வாட்டர்ஜெட்டில் வெட்டிய தகட்டை விலைக்கு வாங்கி, தாங்கியை மட்டும் வீட்டில் செய்வதே என் பார்வையில் சரி.

மாட்டுவதற்குச் சங்கிலி வேண்டாம்; தோட்டா பட்டால் கண்ணி தெறிக்கும். பழைய தீயணைப்புக் குழாயை நறுக்கிய பட்டை போதும். போல்ட்டின் உருண்டைத் தலை முன்பக்கம் இருக்கட்டும். பின்னால், பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே கனமான வாஷர்களைச் செருகினால் தகட்டின் அடிப்பக்கம் பின்வாங்கி, முகம் தானாகவே தரையைப் பார்க்கும். சிதறலில் பெரும்பகுதி மண்ணுக்குப் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது: செலவு சில வாஷர்கள், காப்பது கண்.

கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 10 கெஜம், ரைஃபிளுக்கு 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். விநாடிக்கு 3000 அடிக்கு மேல் வேகத்தில் மோதும் தோட்டாவும், எஃகு உள்ளீடு வைத்த தோட்டாவும் ஏ.ஆர்.500-ஐயும் குழியாக்கும். கண்ணாடி, சுடுகிறவருக்கு மட்டுமல்ல, வேடிக்கை பார்க்கிற குழந்தைக்கும் கட்டாயம். தகட்டுக்குப் பின்னால் உயரமான மண்மேடு இல்லையென்றால் அங்கே சுடவே கூடாது.

அடி தெரிவதற்காக வெள்ளை ஸ்பிரே பெயின்ட் அடிப்பார்கள். அந்தப் பெயின்ட் சிறு குழியையும் மறைத்துவிடும். அடிப்பதற்கு முன் கையுறை போட்டுத் தகட்டைத் தடவிப் பாருங்கள். பள்ளமோ மேடோ தட்டுப்பட்டால் தகட்டைக் கழற்றிவிடுங்கள்.