தீக்காயமும் கைவைத்தியமும்

தீக்காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "புண்ணின் மேல் என்ன தடவினீர்கள்?" தோசை மாவு, பேனா மை, பற்பசை, காப்பித் தூள், மஞ்சள், முட்டையின் வெள்ளைக் கரு என்று விடைகள் வரும். சில வேளைகளில் இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். தடவியவர் பெரும்பாலும் வீட்டின் மூத்தவர். பதற்றத்திலும் அன்பிலும் கைக்கு அகப்பட்டதை எடுத்திருப்பார். அவரைக் கடிந்துகொள்வது எங்கள் நோக்கமன்று. எங்களுக்கும் பாட்டிமார் உண்டு.

ஆயினும் அந்தப் பூச்சினால் விளைவது என்ன என்பதை அறிந்துகொள்ள வேண்டும். காயத்தின் ஆழத்தை நாங்கள் அதன் நிறத்தைக் கொண்டே மதிப்பிடுகிறோம். சிவந்து வலித்தால் மேலோட்டமான காயம். வெளிறியோ கருகியோ உணர்வற்றுக் கிடந்தால் ஆழமான காயம். நீல மை படிந்த தோலில் இவ்வேறுபாடு தெரிவதில்லை. காய்ந்து இறுகிய மாவைக் கழுவி எடுக்கும்போது கொப்புளத்தின் மேல்தோலும் சேர்ந்து உரிகிறது. குழந்தை இரண்டாம் முறை அலறுகிறது. மாவும் தூளும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. எண்ணெயும் நெய்யும் வெப்பத்தை வெளியேற விடாமல் தேக்குகின்றன.

தீக்காயத்துக்கு வீட்டிலேயே கிடைக்கும் சிறந்த மருந்து தண்ணீர். நெருப்பிலிருந்து கையை விலக்கிய பிறகும் தோலில் தங்கிய வெப்பம் உள்நோக்கிப் பரவி, அடுத்த அடுக்குகளைச் சுட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த நீர் 20 நிமிடம் தொடர்ந்து ஓடினால் அப்பரவல் நிற்கிறது, வலியும் தணிகிறது. உடனே செய்வது உத்தமம். மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பயனுண்டு. பனிக்கட்டி வேண்டாம், அது இரத்த நாளங்களைச் சுருக்கி, சுட்ட தோலை மேலும் கெடுக்கும்.

விருதுநகர் மாவட்டத்தில் இதற்கு இரண்டு நடைமுறைத் தடைகள் உள்ளன. முதலாவது, மொட்டை மாடித் தொட்டி. கோடைப் பிற்பகலில் அதிலிருந்து குழாயில் வரும் நீர் கொதிநீரைப் போலிருக்கும். ஆகவே முதலில் உங்கள் கையில் விட்டுப் பாருங்கள். சுட்டால் நிழலில் வைத்த குடத்து நீரை எடுங்கள். இரண்டாவது, தண்ணீர்ப் பஞ்சம். நாள் விட்டு நாள் குழாய் நீர் வரும் தெருவில் 20 நிமிடம் குழாயைத் திறந்து வைக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஓர் அகன்ற பாத்திரத்தை அடியில் வைத்து, செம்பால் மொண்டு ஊற்றி, விழும் நீரையே திரும்ப மொண்டு ஊற்றலாம். நீர் வெதுவெதுப்பானால் மாற்றினால் போதும். இரண்டு குடம் நீரில் காரியம் முடியும். சிறு குழந்தையாயின் காயத்தை மட்டும் நனைத்து, மற்ற உடலைத் துணியால் போர்த்தி வையுங்கள்.

வளையல், மோதிரம், அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். துவைத்து உலர்த்திய மெல்லிய வேட்டித் துண்டால் தளர்வாக மூடுங்கள். வேகவைத்துக் கிருமி நீக்கிய வாழை இலையைத் தீப்புண்ணின் மேல் கட்டும் முறையை இந்திய மருத்துவமனைகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அது புண்ணில் ஒட்டுவதில்லை, கட்டு மாற்றும்போது வலியும் குறைகிறது. ஆகவே முன்னோர் அறிவை நாங்கள் ஒதுக்குவதாக எண்ண வேண்டாம். தோட்டத்திலிருந்து நேரே அறுத்த இலைக்கு இது பொருந்தாது என்பதே எங்கள் எச்சரிக்கை. தோல் உரியாத சிறு சூட்டுக்கு, குளிர்வித்த பின் சோற்றுக் கற்றாழைச் சாறு தடவுவதில் தடையில்லை.

காயம் பட்டவருடைய உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு ஏறக்குறைய அவர் உடலின் ஒரு விழுக்காடு. அதைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்ட காயம், வலியே இல்லாத வெண்ணிறக் காயம், குழந்தைக்கோ முதியவருக்கோ நீரிழிவு உள்ளவருக்கோ பட்ட காயம் எதுவானாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். இசிவு நோய்த் தடுப்பூசி தேவையா என்பதையும் பார்ப்போம்.

எங்கள் வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள். பட்டாசு ஆலைத் தொழிலாளர் சொல்லும் மருந்து, வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்தது. அது ஆடையில் படிந்திருக்கும்போது தீப்பற்றினால் காயம் ஆழமாகும். ஆடையைக் களைந்து, உலர்ந்த பொடியைத் தட்டிவிட்டு, பிறகு நீரை ஏராளமாக ஊற்ற வேண்டும். கண்ணில் பொடி விழுந்தால் தூய நீரால் நெடுநேரம் கழுவுங்கள். விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் விட வேண்டாம். வெடித்துச் சிதறியது எதுவும் கண்ணைத் தாக்கியிருந்தால் கழுவவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். அப்படியே அழைத்து வாருங்கள்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தோரும் அதில் சிக்கினர். அத்தகைய வேளையில் கிட்டே செல்லாமல் 108 எண்ணை அழையுங்கள். புகையைச் சுவாசித்தவர் குரல் கம்மினாலோ மூக்கு மயிர் கருகியிருந்தாலோ, உடலில் காயமே தெரியாவிட்டாலும் அவரே முதலில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர்.

மற்றச் சிறு நோய்களில் அஞ்சறைப் பெட்டிக்கு இடம் அதிகம். வயிற்றுப்போக்குக்கு உப்பிட்ட கஞ்சியும் நீர்மோரும் நல்லவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் அவற்றினும் நல்லது. அது கையில் இல்லையெனில் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைக்கலாம். உப்பின் அளவு கூடக் கூடாது. இரவு இருமலுக்குத் தேன் இதம் தரும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு, சேனை தொட்டு வைக்கும் சடங்கிலும்கூட, தேன் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளங் குழந்தையின் தசைகளை முடக்க வல்லது. குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைத் தருகிறது.

இருமலைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஆலையில் பொடியோடு புழங்குபவர் இருமலை "தூசி இருமல்" என்று சொல்லி, மிளகுப் பாலிலும் ஆடாதொடைக் கஷாயத்திலும் மாதங்களைக் கழித்துவிடுகிறார். கஷாயம் தொண்டைக்கு இதமளிப்பதால் அவருக்கு ஐயம் எழுவதில்லை. இரண்டு வாரத்தைக் கடந்த இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். அது அரசு மருத்துவமனைகளில் இலவசம். காசநோய் இல்லை என்று தெரிந்தால் நுரையீரலின் திறனை அளந்து, தூசிதான் காரணமா என்று பார்க்கலாம். வரும்போது எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதை எழுதி எடுத்து வாருங்கள்.