காண்டாமிருக வண்டின் குடலில் நகலெடுக்கும் வைரஸ்

தென்னை ஓலை விரியும்போது, யாரோ கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டி எடுத்தது போன்ற இடைவெளி தெரிந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை. மலாய்மொழியில் 'கும்பாங் பாடாக்'. குருத்து விரியும் முன்பே துளைத்துச் சாற்றைக் குடித்துவிடும். செம்பனை மறுநடவு நடக்கும் தோட்டங்களில், மட்கிக்கொண்டிருக்கும் பழைய தண்டுகளில் முட்டையிட்டுப் பெருகும்.

இந்த வண்டுக்கு எமன் கிடைத்ததும் நம் நாட்டில்தான். 1963இல் ஜெர்மானிய ஆய்வாளர் அலாய்ஸ் ஹூகர், நோயுற்ற புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். அந்த நோய்க்கு 'மலாயா நோய்' என்றே பெயர் வந்தது. 1967இல் அதைச் சமோவாவில் பரவவிட்டார்கள். அங்கே தென்னைகளின் சேதம் வெகுவாகக் குறைந்தது.

வாய்வழியே உள்ளே போகும் வைரஸ், நடுக்குடல் உயிரணுக்களுக்குள் நுழைந்து தன் டிஎன்ஏவை உட்கருவில் சேர்க்கிறது. அந்த டிஎன்ஏ ஒரு வளையம். ஏறக்குறைய 127,600 எழுத்து இணைகள் கொண்டது.

'வைரஸுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை, எல்லாம் இரவல்' என்று மாணவர்கள் தேர்வில் எழுதுவார்கள். இந்த வைரஸைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்கும், முறுக்கிய இழைகளைப் பிரிக்கும் ஹெலிகேஸ் நொதிக்கும் உரிய மரபணுக்கள் அதனிடமே உள்ளன. ஆனால் அந்த நொதிகளை உருவாக்கும் ரைபோசோம், நகலுக்கு வேண்டிய மூலப்பொருள், ஆற்றல் எல்லாம் வண்டினுடையவை. சமையல் குறிப்பு வைரஸினுடையது. அடுப்பும் அரிசியும் விறகும் வண்டினுடையவை.

நகல்கள் பெருகப் பெருக உட்கரு வீங்குகிறது. உயிரணுக்கள் உதிர்ந்து, எச்சத்தோடு வெளியேறுகின்றன. ஒரு வண்டு நாளொன்றுக்கு 0.3 மில்லிகிராம் வரை வைரஸை வெளியேற்றக்கூடும். மிகச் சிறிய அளவுதான், ஆனால் அதில் அடங்கும் வைரஸ் துகள்களுக்குக் கணக்கில்லை! புழு சில வாரங்களில் இறந்துவிடும். வளர்ந்த வண்டோ உடனே சாவதில்லை. பறந்துபோய், மற்ற வண்டுகள் கூடும் தண்டுகளிலும் எச்சமிடும். வெளியில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்காத வைரஸுக்கு வண்டேதான் வாகனம்.

2007இல் குவாம் தீவில் இதே வண்டு புகுந்தது. வழக்கமான வைரஸைக் கொடுத்தார்கள். வண்டு அசைந்து கொடுக்கவில்லை. அந்த 'குவாம் வகை' பிறகு ஹவாயிலும் சாலமன் தீவுகளிலும் தென்பட்டது. அந்த வண்டின் குடலிலும் நன்றாக நகலெடுக்கக்கூடிய வேறொரு வைரஸ் வகையை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். அது கிடைக்கும்வரை மட்கும் தண்டுகளை அகற்றுவதும், வண்டை ஈர்க்கும் வாசனைப் பொறி வைப்பதும்தான் அத்தீவுகளில் கைகொடுக்கின்றன.